புடவையோடு போன தோசைக்கல்

நியாயமாக நடந்துகொண்டே ஒரு கடையை இழுத்து மூடப் பார்த்த மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் காஞ்சிபுரத்தில் நான் வேலை பார்த்த பட்டுக் கடையில் பார்சல் கட்டிக்கொண்டிருந்தார். எல்லோரும் அவரை அரைக்கிலோ என்று கூப்பிட்டார்கள். நான் மரியாதைக்கு ஓர் ‘அண்ணே’ சேர்த்துக்கொள்வேன்.

பெயரை வைத்து ஒல்லியான ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் உட்கார்ந்தால் ஸ்டூலின் நான்கு கால்களும் நான்கு திசைக்குப் போகப் பார்க்கும். தன் ஊரான தாமலில் அவர் ஏறுகிற பஸ், காஞ்சிபுரம் வந்து அவர் இறங்கிய பிறகுதான் நேராக நிற்கும். அப்படிப்பட்டவருக்கு அரைக்கிலோ என்று பெயர் வரக் காரணம் கூரியர்.

வெளிநாட்டுப் பார்சலுக்குக் கூலி அரை அரைக் கிலோவாக ஏறும். ஒரு கிலோ வரைக்கும் ஒரு கூலி. அதற்கு மேல் பத்து கிராம் போனாலும் அடுத்த அரைக்கிலோவுக்கு முழுசாகக் கட்ட வேண்டும். அந்தப் பத்து கிராமோடு தினமும் குஸ்தி போட்டதுதான் அண்ணனின் வாழ்க்கை. “அரைக்கிலோ கூலி அந்தம்மா வெட்டியா கட்டணுமா?” என்று அவர் கேட்காத நாளே கிடையாது. அந்தம்மா என்றால் குறிப்பிட்டு யாரும் இல்லை. உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் உட்கார்ந்து எங்களிடம் புடவை வாங்குகிற, அவர் முகமே பார்த்திராத ஓர் அம்மா.

இது இரண்டாயிரத்துக்குப் பிறகு, தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர் திறந்துகொண்டிருந்த காலம். பெரிய முதலாளியின் மகனை நாங்கள் சின்ன முதலாளி என்போம். பி.காம். முடித்து வந்தவர், வெளிநாட்டுக்காரர்கள் நடத்தும் ஓர் ஏல வெப்சைட்டில் புடவை விற்கப்போவதாகச் சொன்னார். ஜரிகை வைத்திருந்த பின்பக்க அறையைக் காலி செய்து ஒரு கம்ப்யூட்டர், ஒரு மேசை, ஒரு தராசு போட்டார்கள்.

கம்ப்யூட்டருக்கு நான். பத்தாவது படிப்பு, டைப்ரைட்டிங் லோயர். முன்பக்கம் பாயில் வாடிக்கையாளர் வந்து உட்கார்ந்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். இங்கே வாயைத் திறக்கவே வேண்டாம், அடித்தால் போதும் என்றார்கள். சேர்ந்துவிட்டேன்.

தராசுக்கு அண்ணன். அதுவரை ஒரு லாரி பார்சல் ஆபீஸில் புக்கிங் பார்த்தவர். அந்த ஆபீஸை மூடிய பிறகு வீட்டில் அவருக்கு இருந்த ஒரே வேலை, மனைவி கறந்து வைத்த பால் கேனைத் தூக்கிப் பார்த்து எடை சொல்வது. “எடை சொன்னது போதும், சொசைட்டிக்கு எடுத்துக்கினு போ” என்று அந்த அக்கா விரட்டுவாராம். அதனால் எங்கள் பின்பக்க அறை அவருக்குச் சொர்க்கம்.

எதைக் கண்டாலும் தூக்கிப் பார்ப்பார். நான் வேலைக்கு வந்த முதல் நாள், வணக்கம் சொல்வதற்கு முன்னால் என் கைப்பையைத் தூக்கினார். “முக்கால் கிலோ. உள்ள ஒரு சீப்பு அதிகமா இருக்குது தங்கச்சிமா” என்றார். எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் உள்ளே இரண்டு சீப்பு.

பக்கத்துக் கடைக்காரரின் மருமகள் ஒருநாள் கைக்குழந்தையைக் காட்ட வந்தாள். எல்லோரும் கன்னத்தைக் கிள்ளினார்கள். அண்ணன் வாங்கி, இரண்டு தடவை மேலும் கீழும் அசைத்துவிட்டு, “ஆறே கால். துணியைக் கழிச்சா ஆறு” என்று திருப்பிக் கொடுத்தார். அந்தப் பெண் அன்று சாயங்காலமே குழந்தைக்கு மிளகாய் சுற்றிப் போட்டதாகக் கேள்வி. பிறகு எங்கள் வாசலைத் தாண்டும்போதெல்லாம் குழந்தையை முந்தானையில் மூடிக்கொண்டுதான் போவாள்.

பார்சல் கட்டுவதில் அவருடைய சிக்கனம் இருக்கிறதே, அதைப் பார்த்துத்தான் நம்ப வேண்டும். புடவையோடு வருகிற அட்டைப் பெட்டியை முதலில் தூரப் போடுவார். பிறகு உள்ளே வைக்கிற பேப்பர். பிறகு கவரில் இருக்கிற கூடுதல் ஓரம். எங்கள் கடைக்காரர்களுக்குப் புடவையை அலங்காரமாகக் கொடுத்துத்தான் பழக்கம். சின்ன முதலாளி நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்.

“அண்ணா, பட்டுப் புடவை அண்ணா. பார்க்க லுக்கா இருக்க வேணாமா?”

“லுக்குக்கும் சேர்த்து அந்தம்மாதானே கூலி கட்டுது?” என்பார் அண்ணன்.

கடையின் தினசரி காலண்டர் ஒவ்வொரு பார்சலிலும் போயாக வேண்டும் என்பது சின்ன முதலாளியின் கட்டளை. விளம்பரம் ஆயிற்றே. அண்ணன் யோசித்தார். கட்டளையை மீறவில்லை. அன்றைய தேதி வரைக்கும் இருந்த தாளையெல்லாம் கிழித்துவிட்டு மிச்சத்தை உள்ளே வைத்தார். போன மாசத்தை அமெரிக்காவுக்கு அனுப்ப எதற்குக் கூலி என்பது அவருடைய கேள்வி. ஆனி மாதம் வாங்கியவர்களுக்குப் பாதி காலண்டர். மார்கழியில் வாங்கிய ஒரு லண்டன் அம்மாவுக்கு அட்டையும் சாமி படமும் நாலு தாளும் போயின.

மழைக்காலம் வந்தால் இன்னொரு கூத்து. அட்டை ஈரம் இழுத்து எடை கூடும் என்று, வெயில் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் மொட்டை மாடியில் அட்டைகளைப் பரப்பிக் காயவைப்பார். மேலே கல், பக்கத்தில் காக்கா விரட்ட ஒரு குச்சி. எதிர் மாடியிலிருந்து ஓர் அம்மா, “இன்னா வடாம் அண்ணே அது? இவ்ளோ பெருசா இருக்குது?” என்று கேட்டார். “அட்டைமா” என்றார் இவர். அந்த அம்மா அதற்குப் பிறகு இந்தப் பக்கம் பார்த்துப் பேசவில்லை.

கூரியர் ஆபீஸுக்குப் போகும்போது மஞ்சள் பையில் பிரிக்காத ஒரு கிலோ சர்க்கரைப் பாக்கெட் கூடவே போகும். முதலில் அதை அவர்கள் தராசில் வைப்பார். சரியாக ஒரு கிலோ காட்டினால்தான் நம் பார்சல் ஏறும். மின்விசிறிக் காற்று தராசை அழுத்துகிறது என்று அதை வேறு நிறுத்தச் சொல்வார். வரிசையில் நிற்கிறவர்கள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு இவரையும் சர்க்கரையையும் மாறி மாறிப் பார்ப்பார்கள்.

“அண்ணே, கை எடுத்துக் கும்பிடறேன். இந்தச் சர்க்கரையில ஒரு நாளாவது பாயசம் வைச்சுக் குடிச்சுடுங்க” என்றார் கவுன்டரில் இருந்த தம்பி.

அந்தத் தராசு எந்த நாளும் சரியாகத்தான் காட்டியது. சரியாகக் காட்டும்போது அண்ணன் முகத்தில் லேசாக ஒரு ஏமாற்றம் தெரியும்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. மிச்சக் காசு கதைதான் என்னைத் தலைசுற்ற வைத்தது. வெப்சைட்டில் கூலியை டாலரில் குத்துமதிப்பாகப் போட்டு வாங்குவோம். கூரியருக்குக் கட்டிய பிறகு சில சமயம் பத்து, பதினைந்து ரூபாய் மிஞ்சும். கடையில் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். அண்ணனுக்குத் தூக்கம் போய்விடும். அது அந்தம்மா காசு, அந்தம்மாவுக்கே போக வேண்டும்.

ஒருநாள் அந்தச் சில்லறையை ஓர் அட்டையில் ஒட்டிப் பார்சலுக்குள் வைத்தார். நாணயத்தின் எடையில் பார்சல் ஒரு கிலோவைத் தாண்டிவிட்டது. அடுத்த படிக் கூலி வந்தது. நாணயத்தை எடுத்தார். எடை இறங்கியது, கூலி இறங்கியது, திரும்பவும் சில்லறை மிஞ்சியது. மிஞ்சியதை உள்ளே வைத்தார். திரும்பவும் தாண்டியது. காலையில் ஆரம்பித்த இந்த ஆட்டம் மதியச் சங்கு ஊதுகிற வரைக்கும் நடந்தது. கடைசியில் நான்தான் மெல்ல, “அந்தக் காசுக்குக் கொஞ்சம் பட்டு நூல் வெச்சுடலாமே அண்ணே, குஞ்சம் கட்ட ஆவும்” என்றேன். நூலைக் கையில் வைத்துப் பார்த்தார். எடையே தெரியவில்லை. ஒரு சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். அன்றிலிருந்து எங்கள் புடவை வாங்கியவர்களுக்கெல்லாம் முந்தானை நிறத்தில் ஒரு துளி நூல் போனது. ஏன் வருகிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

இப்படி நாங்கள் இரண்டு பேரும் நியாயமாக நடத்திக்கொண்டிருந்ததில், பின்பக்க அறைக்கு லாபம் என்று ஒன்று வரவே இல்லை. பெரிய முதலாளி ஒருநாள் எட்டிப் பார்த்து, தீபாவளி வரைக்கும் பார்ப்போம் என்றார். அதற்குள் கணக்கு நேராகாவிட்டால் கம்ப்யூட்டர் வீட்டுக்குப் போகும், பேரப் பிள்ளைகள் விளையாடுவார்கள். நாங்கள் இரண்டு பேரும் எங்கள் வீட்டுக்குப் போகலாம். எனக்கு அந்தச் சம்பளம் வேண்டியிருந்தது. அண்ணனுக்குச் சம்பளத்தைவிட அந்தத் தராசு வேண்டியிருந்தது. இதைக் கேட்ட அன்று மதியம் அவர் எதையுமே தூக்கிப் பார்க்கவில்லை.

சின்ன முதலாளி சும்மா இருக்கவில்லை. சென்னையில் இருந்த அவருடைய நண்பர் ஒருவர் இதே மாதிரி ஆன்லைனில் விற்கிறவர். அவரிடம் போய் ஒரு சூட்சுமம் கற்றுக்கொண்டு வந்தார். அந்த வெப்சைட், விற்ற பொருளின் விலைக்குத்தான் கமிஷன் பிடிக்கும். அனுப்புகிற கூலிக்குப் பிடிக்காது. வாங்க வருகிறவர்களுக்கும் குறைந்த விலையில் இருப்பதுதான் முதல் பக்கத்தில் தெரியும். ஆகவே தொண்ணூறு டாலர் புடவைக்கு விலை பத்து டாலர் என்று போடு. ஷிப்பிங் அண்டு ஹேண்ட்லிங் எண்பது டாலர் என்று போடு. கமிஷன் மிச்சம், முதல் பக்கமும் கிடைக்கும். எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள்.

அண்ணன் முழுவதையும் கேட்டுவிட்டு, “ஹேண்ட்லிங்குன்னா இன்னாபா?” என்றார்.

“நம்ம கை படுதில்ல அண்ணா. அதுக்குக் கூலி.”

“என் கை படறதுக்குத்தான் நீ சம்பளம் கொடுக்கிற. அதுக்கு அந்தம்மாகிட்ட வேற வாங்குவியா?”

சின்ன முதலாளி பொறுமையாக விளக்கினார். டேப்பு இருக்கிறது, மேலே தைக்கிற துணி இருக்கிறது, கூரியருக்குப் போகிற ஆட்டோ இருக்கிறது. அண்ணன் அதையெல்லாம் கேட்டு மனதுக்குள் கூட்டி, ஒரு தொகை சொன்னார். அது நியாயம், அதை வாங்கலாம் என்றார். அது ஒரு டாலருக்கும் கொஞ்சம் மேலே வந்தது. சின்ன முதலாளி என் பக்கம் திரும்பி, நீங்க எண்பதுன்னு அடிங்கக்கா என்றார். அடித்தேன்.

இரண்டே நாளில் ஓர் அரக்கு நிறப் புடவை விற்றுவிட்டது. வாங்கியவர் நியூஜெர்சியில் இருக்கும் ஒரு தமிழ்ப் பெண். பத்து டாலர் விலை, எண்பது டாலர் கூலி, பணமும் வந்தாயிற்று. சின்ன முதலாளி ஸ்வீட் வாங்கிக் கொடுத்துவிட்டு, பட்டு நூல் பார்க்க பெங்களூர் கிளம்பிப் போனார்.

அண்ணன் ஸ்வீட்டைத் தொடவில்லை. புடவையைத் தராசில் வைத்தார். டப்பாவோடு சேர்த்தும் ஒரு கிலோ இல்லை. கூரியர்காரர்கள் கொடுத்திருந்த கட்டண அட்டையைச் சுவரில் விரலால் தடவிக்கொண்டே போனார். எண்பது டாலருக்கு ஈடான ரூபாயில் விரல் நின்றது. அங்கே அஞ்சு கிலோ என்று இருந்தது.

“தங்கச்சிமா, அந்தம்மாவுக்கு ஒரு மெயில் அடி” என்றார்.

அவர் சொல்லச் சொல்ல எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அடித்தேன். மேடம், நீங்கள் கட்டிய கூலி அஞ்சு கிலோவுக்கு ஆகும். உங்கள் புடவை ஒரு கிலோதான். மீதி நாலு கிலோ உங்களுடையது. அதில் என்ன அனுப்பட்டும்?

மறுநாள் பதில் வந்திருந்தது. முதலில் இது ஏதோ ஏமாற்று வேலை என்று நினைத்தாராம். பிறகு சிரிப்பு வந்ததாம். நிஜமாகவே கேட்கிறீர்கள் என்றால், எங்கள் அம்மா வாலாஜாபாத்துக்குப் பக்கத்தில் தென்னேரியில் இருக்கிறார், எனக்கு அனுப்ப என்னென்னவோ எடுத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார், இங்கே வருகிறவர்கள் யாரைக் கேட்டாலும் பெட்டியில் இடமில்லை என்கிறார்கள், அவரிடம் போய் வாங்க முடியுமா என்று எழுதியிருந்தார்.

அண்ணன் கொக்கித் தராசை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டார். முன்பின் தெரியாத வீட்டுக்குத் தனியாகப் போனால் அந்த அம்மா பயந்துகொள்ளும் என்று என்னையும் அழைத்துக்கொண்டார். பஸ்ஸில் அவர் பக்கத்து இருக்கையில் எனக்குக் கிடைத்த இடம் ஒரு சாண்.

தென்னேரி அம்மா கதவைத் திறந்தார். முதலில் தெரிந்தது அண்ணன் கையிலிருந்த தராசுதான்.

“போன வாரம்தான் பேப்பர் எல்லாம் எடைக்குப் போட்டேன். இப்ப ஒண்ணும் இல்லப்பா” என்று மூடப் போனார்.

நான்தான் குறுக்கே புகுந்து மகள் பெயரைச் சொன்னேன். அவ்வளவுதான். எங்களை உட்காரவைத்து மோர் கொடுத்துவிட்டு உள்ளே ஓடினார். ஒவ்வொன்றாக வெளியே வந்தது. ஒரு தூக்கு நிறையப் புளி. வடாம். சுண்டைக்காய் வற்றல். மிளகாய்த் தூள். மகள் பெயர் வெட்டிய ஒரு எவர்சில்வர் டப்பா. எல்லாவற்றுக்கும் கடைசியில், இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு ஓர் இரும்புத் தோசைக்கல்.

அண்ணன் எழுந்தே விட்டார். “யம்மா, இது பார்சலு. வீடு காலி பண்ற லாரி இல்ல.”

“என் பொண்ணு சின்ன வயசுல இருந்து இந்தக் கல்லுலதான் தின்னா. அங்க இருக்கிறதுல ஒட்டாம வருதாம், ஆனா ருசி இல்லியாம். போன்ல அழுவுது.”

அண்ணன் கல்லைக் கொக்கியில் மாட்டினார். தராசின் முள் பாதிக்கு மேல் போய் நின்றது. நாலு கிலோவில் அதுவே இரண்டரை.

“கல்லு போனா பாதிப் புளி நிக்கும். புளி போனா கல்லு நிக்கும். நீயே சொல்லும்மா.”

“ரெண்டையும் வெச்சா இன்னா? கொஞ்சம் கூடத்தானே போவுது?”

“கூடப் போனா உன் பொண்ணுதான் இன்னும் அரைக்கிலோவுக்குக் கட்டணும்.”

பெண் கட்ட வேண்டும் என்றதும் அந்த அம்மா அடங்கினார். பிறகு நடந்ததற்கு முன்னால், காஞ்சிபுரத்தில் எந்தக் கடையில் நடக்கிற பேரமும் தோற்றுவிடும். டப்பா வேண்டாம், கவரில் கட்டலாம் என்றார் அண்ணன். அதில் பெயர் வெட்டியிருக்கிறதே என்றார் அம்மா. பெயரை அவள் மறந்திருக்க மாட்டாள் என்றார் அண்ணன். டப்பா வெளியே போனது. வடாம் உடைந்தால் இடம் அடைக்காது என்றார் இவர். உடைந்த வடாமை யார் பொரிப்பார்கள் என்று கேட்டார் அவர். வடாம் முழுசாகவே உள்ளே வந்தது. புளியில் கொட்டை எடுத்தால் எடை குறையும் என்று இவர் சொல்ல, எனக்குக் கை வலி, முடியாது என்று அவர் சொல்லிவிட்டார். அண்ணன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்து தானே கொட்டை எடுக்க ஆரம்பித்தார். நானும் உட்கார்ந்தேன். அந்த அம்மா எதிரே உட்கார்ந்து, எங்களுக்குப் பிள்ளைகுட்டி எத்தனை என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது எல்லாம் சேர்ந்து முள் சரியாக நாலில் நின்றது. அந்த அம்மா அதை நம்பாமல் தானும் ஒருதரம் கொக்கியைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார்.

அண்ணன் தோசைக்கல்லைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, காயவைத்து, பிளாஸ்டிக்கில் சுற்றி, புடவையில் ஒரு பொட்டு எண்ணெய் படாதபடி கட்டினார். அந்தப் பார்சலை அவர் கட்டியதுபோல இன்னொருத்தர் கட்டி நான் பார்த்ததில்லை. பார்சல் போனது. எண்பது டாலரும் அதோடு போனது.

சின்ன முதலாளி பெங்களூரிலிருந்து வந்து கூரியர் பில்லைப் பார்த்தார். நான் மானிட்டருக்குப் பின்னால் எவ்வளவு குனிய முடியுமோ அவ்வளவு குனிந்துகொண்டேன்.

“ஒரு புடவைக்கு இவ்ளோ பில் எப்படி அண்ணா?”

“அந்தம்மா அஞ்சு கிலோவுக்குக் கட்டுச்சு. அஞ்சு கிலோ அனுப்பினேன்.”

“அதுல என்ன அனுப்பினீங்க?”

“தோசைக்கல்லு.”

சின்ன முதலாளி பில்லை மேசைமேல் வைத்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “புடவையோட விலையே அந்தக் கூலிக்குள்ளதான் அண்ணா இருந்துச்சு. பத்து டாலருக்குப் பட்டுப் புடவை போயிருக்குது இப்ப.”

“அப்ப அதைக் கூலின்னு ஏன் எழுதினே? விலைன்னு எழுதியிருந்தா நான் தொட்டிருப்பேனா?”

“சம்பளத்துல பிடிச்சுக்கோ” என்றும் சொன்னார் அண்ணன். அதைப் பிடித்தால் எத்தனை மாசம் பிடிப்பது என்றார் சின்ன முதலாளி. அவரைச் சொல்லியும் குற்றமில்லை. தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது, அப்பாவுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார்.

“நாளைல இருந்து வராதீங்க அண்ணா.”

அண்ணன் சர்க்கரைப் பாக்கெட்டை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, தராசைத் துணியால் துடைத்து மூடிவிட்டு, என்னிடம் ஒரு தலையாட்டலோடு போனார். அவர் இல்லாமல் அந்த அறை இரண்டு மடங்கு பெரிதாகிவிட்டது. எனக்குத்தான் உட்காரப் பிடிக்கவில்லை.

தோசைக்கல் போய்ச் சேர்ந்ததும், வாங்கியவர்கள் கருத்து எழுதுகிற இடத்தில் நியூஜெர்சிப் பெண் எழுதினார். உலகமே படிக்கலாம். புடவை மிக நன்றாக இருக்கிறது, தோசை அதைவிட நன்றாக இருக்கிறது என்று ஆரம்பித்து, கூலி அதிகம் வாங்கிவிட்டு அந்த எடைக்குச் சரியாக அம்மா வீட்டுச் சாமான் அனுப்பிய கடையை இதுவரை கண்டதில்லை என்று முடித்திருந்தார்.

அதற்குள் பத்து டாலர் விலையில் இன்னும் சில புடவைகள் விற்றிருந்தன; கட்ட ஆள் இல்லாமல் ஒன்றும் இன்னும் போகவில்லை. வாங்கியவர்கள் எல்லோரும் இதைப் படித்துவிட்டார்கள். மெயில் வர ஆரம்பித்தது. நாங்களும் எண்பது டாலர்தானே கட்டினோம், எங்கள் நாலு கிலோ எங்கே? ஒருவர் கோங்குரா ஊறுகாய் கேட்டார். ஒருவர் அம்மிக் குழவி வருமா என்று விசாரித்தார். புடவை என்றால் என்னவென்று இப்போதுதான் கற்றுக்கொண்ட ஒரு வெள்ளைக்கார அம்மா, முந்தின வாடிக்கையாளருக்குக் கொடுத்த அந்த வட்டமான இரும்பு தனக்கு மட்டும் ஏன் கிடையாது என்று வருத்தத்தோடு கேட்டிருந்தார்.

சின்ன முதலாளி ஒவ்வொரு மெயிலையும் என் தோளுக்கு மேல் நின்று படித்தார். சாமான் அனுப்பினால் நஷ்டம். அனுப்பாவிட்டால் கருத்து எழுதுகிற இடம் இருக்கிறது. கடைசியில் கேட்டவர்களுக்கெல்லாம் அதிகமாக வாங்கிய கூலியைத் திருப்பிக் கொடுப்பதாகவும், புடவையின் உண்மையான விலை இது, விரும்பினால் எடுத்துக்கொள்ளலாம், வேண்டாம் என்றால் முழுப் பணமும் வாபஸ் என்றும் என்னை எழுதச் சொன்னார். ஆச்சரியம், பாதிப் பேருக்கு மேல் எடுத்துக்கொண்டார்கள். வெள்ளைக்கார அம்மா எடுத்துக்கொண்டு, இரும்புக்குத் தனியாக விலை கேட்டார்.

அந்தப் பார்சல்களைச் சின்ன முதலாளி தானே கட்டினார். பெட்டி, பேப்பர், முழுக் காலண்டர், எல்லாம் லுக்காக. கூரியரில் ஒவ்வொன்றும் ஒரு கிலோவைத் தாண்டி அடுத்த படிக்குப் போனது. கவுன்டர் தம்பி, “சர்க்கரை அண்ணன் எங்க, உடம்பு சரியில்லையா?” என்று கேட்டாராம்.

மறுநாள் சின்ன முதலாளி வெப்சைட்டில் எங்கள் பக்கத்தை மாற்றச் சொன்னார். விலை இருக்கிற இடத்தில் விலை. கூலி இருக்கிற இடத்தில் கூலி. ஹேண்ட்லிங் என்று தனியாக, அண்ணன் சொன்ன அதே தொகை. எல்லாம் சரி, ஒவ்வொரு புடவைக்கும் கூலி போட வேண்டுமே. தராசில் புடவையை வைத்தால் புடவையின் எடை தெரியும். கட்டிய பிறகு என்ன ஆகும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. சின்ன முதலாளி அலமாரியைப் பார்த்தார், தராசைப் பார்த்தார், ஒரு புடவையை எடுத்துக் கவரில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

தாமலில் நடந்ததை அண்ணன் பிற்பாடு சொன்னார். சின்ன முதலாளி மன்னிப்பும் கேட்கவில்லை, வேலைக்கு வா என்றும் கூப்பிடவில்லையாம். மாட்டுக்கொட்டகைப் பக்கம் நின்றுகொண்டிருந்தவரிடம் புடவையை நீட்டி, “இது கட்டினா எவ்ளோ அண்ணா ஆவும்?” என்றாராம். அண்ணன் வாங்கித் தூக்கிப் பார்த்து, “என் கட்டா, உன் கட்டா?” என்றாராம்.

“உங்க கட்டு அண்ணா.”

பால் கேனோடு நின்ற அண்ணனின் மனைவி, அந்த அக்காதான் உள்ளே போய்ச் சட்டையைக் கொண்டுவந்து கையில் கொடுத்து, ஸ்கூட்டர்ல ஏறு என்றாராம்.

பின்பக்கம் தரையைத் தொடுகிற மாதிரி அமுங்கிக்கொண்டு அந்த ஸ்கூட்டர் எங்கள் தெருவுக்குள் வந்ததை நான் ஜன்னலில் பார்த்தேன். பெரிய முதலாளியும் கடை வாசலில் நின்று பார்த்தார். தீபாவளிக்குக் கணக்குப் பார்த்தபோது பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை. ஆனால் கீழே இறங்கவும் இல்லை. கம்ப்யூட்டர் அங்கேயே இருக்கட்டும் என்றுவிட்டார்.

ஸ்கூட்டரில் வந்து இறங்கிய அன்றைக்கு அண்ணன் நேராக ஸ்டூலில் உட்கார்ந்து, சின்ன முதலாளி கட்டி இன்னும் அனுப்பாமல் வைத்திருந்த பார்சல் ஒன்றைப் பிரித்து, பெட்டியைத் தூரப் போட்டார். திடீரென்று கிளம்பி வந்ததால் சாப்பாடு எடுத்து வரவில்லை. மதியம் நான் கொண்டுபோயிருந்த எலுமிச்சைச் சாதத்தை இரண்டாகப் பிரித்தேன். மூடியில் இருந்ததை அவர் பக்கம் தள்ளினேன். வழக்கம்போலக் கையில் தூக்கிப் பார்த்தார். என் டப்பாவைப் பார்த்தார். அவர் பங்கு எவ்வளவு கூட இருக்கிறது என்று கிராம் கணக்கில் தெரிந்திருக்கும். ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட ஆரம்பித்தார்.